பெல்ட் நின்றால் ஓட்ஸ்

என் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை ஓடுகிறது என்று முதன்முதலில் எழுதித் தந்த சீட்டு இன்னும் என் பர்ஸில் இருக்கிறது. அந்த எண்ணை இங்கே எழுதமாட்டேன். எழுதினால் இன்னும் ஏறிவிடுமோ என்று ஒரு பயம். அதற்குக் கீழே கொழுப்புக்கும் ஒரு எண் இருந்தது. அதையும் எழுதமாட்டேன். எனக்குக் கொழுப்பு அதிகம் என்று முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறவர்கள் இந்தச் சுரங்க டவுன்ஷிப்பில் நிறைய இருக்கிறார்கள். அவர்கள் கையில் எழுத்து ஆதாரம் சிக்கக் கூடாது.

மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் பிறந்து வளர்ந்தது நெல்லிக்குப்பம், சர்க்கரை ஆலைக்குக் கரும்பு வண்டிகள் போகிற தெரு.

“ஒரு வண்டி கரும்புல எங்க ஊரு ஃபேக்டரிகூட இவ்ளோ எடுக்காதுங்க,” என்றாள்.

நான் சிரித்தேன். யார் ஜோக் சொன்னாலும் முதலில் சிரிக்கிறவன் நான். சிரித்துக்கொண்டே போய்க் குளியலறைக் கதவைத் தாழிட்டு, வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

சாவுக்குப் பயந்தேன் என்றால் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். நான் பயந்தது என் நாற்காலிக்கு. சுரங்கத்தில் மேல்மண் வெட்டுகிற பெரிய மெஷினை ஓட்டுகிறவன் நான். பல் வைத்த வாளிகள் பொருத்திய சக்கரம் ஒன்று சுற்றிச் சுற்றி மண்ணை வழித்தெடுக்கும். அந்த மண் பெல்ட்டில் விழுந்து வெகுதூரம் ஓடி இன்னோர் இடத்தில் மலையாகும். இருபத்திரண்டு வருஷமாக அந்த கேபினில் இருக்கும் நாற்காலிதான் எனக்கு நாற்காலி. தரையில் நான் ஒன்றுமில்லை. குவாட்டர்ஸில் குழாய் ஒழுகுகிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டு மூன்று வாரம் காத்திருக்கிற ஆள். மேலே ஏறி உட்கார்ந்தால் என் மணிக்கட்டு அசைகிற அசைவுக்கு ஒரு வீட்டளவு மண் சரியும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவனை அதில் ஏற்றமாட்டார்கள். அது நியாயம்தான். அவ்வளவு உயரத்தில் ஒருவனுக்குத் தலை சுற்றினால் கீழே இருப்பவர்கள் கதி என்ன? கம்பெனி மெடிக்கல் செக்கப்பில் ‘டெம்பரரி அன்ஃபிட்’ என்று எழுதித் தரைவேலைக்கு அனுப்புவார்கள். என்னுடைய மெடிக்கலுக்கு நான்கு மாதம் இருந்தது.

அந்த நான்கு மாதத்தின் தொடக்கத்தில் நான் ஆடிய ஆட்டத்தை வெளியில் சொன்னதில்லை. சர்க்கரை வந்தால் காலில் உணர்ச்சி போகும் என்று யாரோ சொல்லக் கேட்டு, தினமும் எழுந்ததும் இரண்டு கால் கட்டைவிரல்களையும் கிள்ளிப் பார்ப்பேன். வலித்தால் சந்தோஷம். வலதில் கொஞ்சம் கம்மியாக வலிக்கிறதோ என்று தோன்றினால் இன்னும் அழுத்திக் கிள்ளுவேன். ஒரே வாரத்தில் இரண்டு விரலும் கன்றிப்போய் ஷூ போட முடியவில்லை. ஐயோ, காலுக்கு வந்துவிட்டது என்று அதற்குத் தனியாக ஒருமுறை பயந்தேன்.

வீட்டிலேயே குத்திப் பார்க்கிற கருவி ஒன்று வாங்கினேன். முதல் விரல் காட்டிய எண் பிடிக்கவில்லை. அடுத்த விரலைக் குத்தினேன். இப்படிப் பத்து விரலையும் குத்தி முடித்து, இருப்பதிலேயே குறைவாகக் காட்டிய இடது சுண்டுவிரலை நம்புவது என்று முடிவெடுத்தேன்.

“இதுல கேலிபிரேஷன் தப்பு,” என்றேன் மனைவியிடம். சுரங்கத்தில் எந்த மீட்டர் பிடிக்காத எண்ணைக் காட்டினாலும் நாங்கள் முதலில் சொல்வது அதுதான்.

அவள் விரலை நீட்டினாள். “எனக்குக் குத்திப் பாருங்க.”

குத்தினேன். அவளுக்கு அழகாக, அளவாகக் காட்டியது. கருவி கெட்டிருக்கும் என்ற கடைசி நம்பிக்கையும் போயிற்று.

மறுநாள் என்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனாள். டாக்டர் மாத்திரைகளை எழுதிவிட்டு, உணவு ஆலோசனை சொல்கிற அம்மாவிடம் அனுப்பினார். அந்த அம்மாவுக்கு என்னைவிடப் பத்து வயதாவது குறைவு. ஆனாலும் அவர் எதிரில் உட்கார்ந்ததும் நான் ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டேன்.

“காலைல என்னா சாப்பிடறீங்க?”

“இட்லிங்க.”

“எத்தினி?”

“நாலு.”

பின்னால் நின்ற மனைவி இருமினாள்.

“ஆறு,” என்றேன்.

மறுபடியும் இருமல். அந்த அம்மா பேனாவை மூடி வைத்தார். “மேடத்துக்கு இருமல் நிக்கட்டும். அப்பறமா எழுதிக்கறேன்.”

இருமல் எட்டில் நின்றது. அவர் ஓட்ஸ் சொன்னார். அதிலுள்ள நார் கொழுப்பைக் கொஞ்சம் குறைக்கும், சர்க்கரை விறுவிறுவென்று ஏறாமல் பார்த்துக்கொள்ளும் என்றார். கூடவே ஒவ்வொன்றாக எச்சரித்தார். “மசாலா போட்டு பாக்கெட்ல வர்றது வேணாங்க, வெறும் ஓட்ஸ் வாங்குங்க. கஞ்சியா கொழைய வெக்காதீங்க, கொழைஞ்சா சீக்கிரம் ஏறிடும். ஓட்ஸ் ஒரு பங்குன்னா காய் ஒரு பங்கு. மேல தேன் ஊத்தறது, வாழப்பழம் வெட்டிப் போடறது, அந்த அலங்காரமெல்லாம் வேணாம். இது மருந்து இல்ல, சாப்பாடு. அதனால மாத்திரைய நிறுத்தக் கூடாது. முக்கியமா, இட்லிக்குப் பதிலா ஓட்ஸ். இட்லியோட சேர்த்து இல்ல. புரியுதுங்களா?”

புரிந்தது என்று தலையாட்டினேன்.

“நேரத்துக்குச் சாப்பிடணும். மாத்திரை போட்டுட்டு வயித்தக் காயப்போட்டா மயக்கம் வந்துடும்.”

“அதுதாங்க முடியாது. பெல்ட்டு நின்னாதான் எங்களுக்குச் சாப்பாடு. அது எப்ப நிக்கும்னு யாருக்கும் தெரியாது.”

“ஒங்க உடம்புக்கு பெல்ட்டு தெரியாதுங்க,” என்றார் அவர்.

தலையாட்டியதோடு சரி. முதல் பதினைந்து நாள் இட்லியோடு சேர்த்தேதான் ஓட்ஸ் சாப்பிட்டேன். இட்லி எட்டு, அதற்குமேல் ஒரு கிண்ணம் ஓட்ஸ். என் மனக்கணக்கில் ஓட்ஸ் ஒரு போலீஸ்காரன். உள்ளே போனால் ஏற்கெனவே போயிருக்கிற இட்லிகளை வரிசையில் நிறுத்தி மிரட்டிவைப்பான். மனைவி முதலில் அதைக் கஞ்சியாகத்தான் காய்ச்சினாள். அனல்மின் நிலையத்திலிருந்து சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழாய்வழி அனுப்புவார்களே, அதே நிறம், அதே பதம். கண்ணை மூடிக்கொண்டு குடிப்பேன். குடித்த கசப்பு போக இன்னோர் இட்லி.

பதினைந்தாம் நாள் அதிகாரபூர்வ சுண்டுவிரலே என்னைக் கைவிட்டது. எண் முன்பைவிட ஏறியிருந்தது. மனைவி இட்லிப் பானையைத் துடைத்துப் பரண்மேல் ஏற்றினாள். அதை நான் பார்த்த பார்வையில் ஒரு பிரிவுபசார விழாவே இருந்திருக்கும்.

அதன்பிறகு அவள் ஓட்ஸைச் சவாலாகவே எடுத்துக்கொண்டாள். வெறும் வாணலியில் வாசம் வரும்வரை வறுப்பாள். கொஞ்சமாக எண்ணெய், கடுகு, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், பீன்ஸ், கேரட், கைப்பிடி முருங்கைக்கீரை. காய் வெந்ததும் ஓட்ஸைப் போட்டுத் தண்ணீரை ஊற்றாமல் தெளித்துத் தெளித்து உதிரியாக எடுத்து, கடைசியில் மிளகு தட்டிப் போட்டு மூடிவைப்பாள். எனக்கு முதல் ஷிப்ட் என்றால் விடியும் முன்பே பஸ் பிடிக்க வேண்டும். அதனால் நாலு மணிக்கு எழுவாள். நான் பல் தேய்க்கும்போதே மிளகு மணம் வரும். பழைய சாம்பல் கரைசல் எங்கே, இது எங்கே! இதைச் சாப்பிட்டே பிழைத்துவிடலாம் என்று உண்மையிலேயே நம்பினேன்.

ஆனால் அந்த டப்பாவைத் திறக்க வேண்டிய இடம் எங்கள் கேபின்.

கேபினில் சேர்ந்து சாப்பிடுகிறவர்கள் மூன்று பேர். நான் ஒருவன். இன்னோர் ஆபரேட்டர், கம்மாபுரத்துக்காரர். சுரங்கத்துக்காக அவருடைய நிலம் போன இடத்துக்குப் பக்கத்திலேயேதான் அவருக்கு வேலை. எனக்கு அவர் மச்சான், அவருக்கு நான் மச்சான். எந்த உறவும் கிடையாது. மூன்றாமவர் மந்தாரக்குப்பத்தில் வாடகை வீட்டில் இருக்கிற கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். நாங்கள் பாய் என்று கூப்பிடுவோம். அவர் டப்பாவில் தினமும் பிரியாணி இருக்கும் என்று மற்ற மெஷின்காரர்கள் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். இருப்பது புளிசோறும் உருளைக்கிழங்கு வறுவலும். அந்தப் புளிசோற்றுக்கு முன்னால் பிரியாணி தோற்கும்.

பெல்ட் நிற்கும். தரையில் பேப்பர் விரிப்போம். மூன்று டப்பாவும் நடுவில் திறக்கப்படும். மூடிதான் தட்டு. தன் டப்பாவில் தானே முதலில் கை வைக்கக் கூடாது. அடுத்தவர் டப்பாவிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எங்கும் எழுதி வைக்கவில்லை. ஆனாலும் சேஃப்டி ரூல்களைவிட ஒழுங்காக எங்கள் மெஷினில் பின்பற்றப்படுகிற விதி அது.

அந்த விதியை மீறினவர் ஒரே ஒருவர். ஏழெட்டு வருஷத்துக்கு முன் எங்களோடு இருந்த சீனியர் ஆபரேட்டர். அவருக்கும் சர்க்கரை. வீட்டிலிருந்து கோதுமை ரவை உப்புமா கொண்டுவருவார். திடீரென்று ஒருநாள் எலக்ட்ரிக் பேனல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, தன் டப்பாவைத் தானே சாப்பிட ஆரம்பித்தார். எல்லாருக்கும் சங்கடம். அந்தச் சங்கடத்தை உடைக்க வேண்டியது என் பொறுப்பு என்று எனக்கு நானே வேலை கொடுத்துக்கொண்டேன்.

“என்னாண்ணே, தனி குவாட்டர்ஸ் அலாட் ஆயிடுச்சா?”

கேபின் குலுங்கியது. அவரும் முகத்தைத் திருப்பாமலே சிரித்தார். அந்த வாரத்திலேயே ஜோக் மற்ற மெஷின்களுக்கும் போய்விட்டது. தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறவன் யாராக இருந்தாலும், “தனி குவாட்டர்ஸா?” என்று கேட்பது சுரங்கத்தில் வழக்கமாகிவிட்டது. என் வாழ்நாளில் நான் செய்த ஜோக்குகளில் அதிக தூரம் போனது அதுதான். சீனியர் ரிட்டையர் ஆகும்வரை பேனலைப் பார்த்தபடியே சாப்பிட்டார். தினமும் யாராவது கேட்பார்கள். தினமும் சிரிப்பார்.

இப்போது என் கையில் ஓட்ஸ் டப்பா.

முதல் நாள் திறந்ததும் மச்சான் எட்டிப் பார்த்தார். “இன்னா மச்சான் இது, கோழிக்கு வெக்கறத கொண்டாந்துக்கினு?”

“ஓட்ஸ்யா. வூட்ல செஞ்சது.”

“சர்க்கரக்காரன் சாப்பாடாச்சே. எனக்கும் கொழுப்பு இருக்குதுன்னு டாக்டர் எழுதிக்கிறாரு. குடு, பாப்போம்.” ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டார். மென்றார். நிறுத்தினார். “யோவ் பாய்! இங்க வாய்யா. இத தின்னுப் பாரு.”

பாய் தின்றார். “அண்ணே, இதுல மொளகு போட்டுக்கிறாங்க பாருங்க, அதான் விஷயம். அண்ணி கையி கையிதான்.”

இரண்டு நிமிடத்தில் டப்பாவின் அடி தெரிந்தது. எனக்கு இரண்டு வாய் மிஞ்சியது. நான் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாய் தன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். “நீங்க சும்மா இருக்கீங்களே. சாப்பிடுங்கண்ணே.”

அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். ‘மச்சான், மூன்று மாதத்தில் எனக்கு மெடிக்கல், நாற்காலி போய்விடும், இந்த டப்பாவை எனக்கு விட்டுவிடுங்கள்’ என்று சொல்லியிருந்தால் அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டு விட்டிருப்பார்கள். சொல்ல வாய் திறந்தபோதெல்லாம் என் ஜோக் என் தொண்டையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. தனி குவாட்டர்ஸ். அதைப் பெற்று வளர்த்து ஊரெல்லாம் அனுப்பியவன் நான். அது திரும்பி வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பதைத் தாங்க எனக்குத் தெம்பில்லை.

வாய் திறந்தது வீண் போகவில்லை. புளிசோறு உள்ளே போயிற்று.

அப்புறம் தினமும் அதே கதைதான். என் ஓட்ஸ் அவர்களுக்கு. அவர்கள் சோறு எனக்கு. பெல்ட் சில நாள் ஒன்பது மணிக்கு நிற்கும், சில நாள் பன்னிரண்டு ஆகும். பன்னிரண்டு ஆகிற நாள்களில் மாத்திரை போட்ட உடம்பு உதறும். கை நடுங்கி, நெற்றி வியர்த்து, ஆலோசனை அம்மா சொன்ன மயக்கம் இதுதான் என்று பையில் இருக்கிற பிஸ்கட்டை எடுத்து நாற்காலியில் உட்கார்ந்தபடியே நொறுக்குவேன். பிறகு பெல்ட் நிற்கும். பசியில் வந்தவன் மாதிரி, இல்லை, பசியிலேயே வந்து, வறுவலில் கை வைப்பேன். இரண்டு வாய் ஓட்ஸ் உள்ளே போயிருக்கிறதே, போலீஸ்காரன் பார்த்துக்கொள்வான் என்று தேற்றிக்கொள்வேன்.

வீட்டில் டப்பாவைத் தேய்க்கப் போடும்போது மனைவி தினமும் கேட்பாள். “எப்பிடி இருந்திச்சிங்க?”

“ஒரு பருக்கை மிஞ்சல.”

அது பொய்யில்லை. ஒரு பருக்கைகூட மிஞ்சவில்லைதான். அவள் முகம் மலரும். மறுநாள் இன்னும் ஒரு பிடி கீரை கூடும்.

நான்கு மாதம் போனது. மச்சானுக்கும் எனக்கும் ஒரே வாரத்தில் மெடிக்கல். ரிசல்ட் வாங்க ஒன்றாகத்தான் போனோம். அவர் சீட்டைப் பார்த்துவிட்டு டாக்டர் சந்தோஷமாகத் தலையாட்டினார். கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. ஃபிட். என் சீட்டைப் பார்த்துவிட்டு அவர் தலையாட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டாக்டர்கள் கண்ணாடியைத் துடைத்தால் நமக்குத் தெரியாதா?

டெம்பரரி அன்ஃபிட். மூன்று மாதம் தரைவேலை. பிறகு மறுபரிசோதனை.

வெளியே வந்ததும் மச்சான் என் தோளில் கை போட்டார். “என்னா மச்சான் இது? ரெண்டு பேரும் ஒண்ணாத்தான சாப்ட்டோம்?”

“ஆமா மச்சான். ஒண்ணாத்தான் சாப்ட்டோம்,” என்றேன்.

அவர் மாத்திரையும் ஒழுங்காகப் போட்டார், மாலையில் ஒரு மணி நேரம் நடந்தார். ஆனாலும் இறங்கின கொழுப்புக்கு அவர் ஊரெல்லாம் நன்றி சொன்னது ஓட்ஸுக்கு. அதில்தான் நான் மாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை. நானும் மனைவியும் காய்கறிச் சந்தையில் பீன்ஸ் பொறுக்கிக்கொண்டிருந்தோம். ஆமாம், ஓட்ஸுக்குத்தான். எதிரே மச்சானின் மனைவி வந்தார். வந்த வேகத்தில் என் மனைவியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“அக்கா, நீங்க நல்லா இருக்கணும். ஒங்க கையால ஓட்ஸு தின்னுத் தின்னுதான் எங்க வூட்டுக்காரருக்குக் கொழுப்பு எறங்கிடிச்சாம். தெனமும் பாதி டப்பாவ அவரேதான் காலி பண்ணுவாராம். மீதிய அந்த பாய் தின்னுடுவாராம். எப்பிடிக்கா செய்றீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க. நானும் செஞ்சா கோழித் தீவனம்ங்கறாரு.”

நான் பீன்ஸில் பூச்சி இருக்கிறதா என்று மிகத் தீவிரமாகப் பார்த்தேன்.

மனைவி மெதுவாகக் கேட்டாள். “அப்ப எங்க வூட்டுக்காரரு என்னாம்மா சாப்பிடுவாராம்?”

“அண்ணனா? அண்ணனுக்குப் புளிசோறுதான் உசுராமே!”

ஓட்ஸ் செய்கிற விதத்தை அவள் ஒன்றுவிடாமல் அங்கேயே நின்று சொல்லிக் கொடுத்தாள். வறுக்கிற பதம், தண்ணீர் தெளிக்கிற அளவு, மிளகு எப்போது. மச்சானின் மனைவி போனபிறகு பீன்ஸுக்குக் காசு கொடுத்தாள். வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்துக் காய்களைப் பிரித்து வைத்தபிறகுதான் வாய் திறந்தாள்.

“நாலு மணிக்கு எழுந்து எழுந்து ஊருக்கு வைத்தியம் பாத்துக்கினு இருந்திருக்கேன்.”

தனி குவாட்டர்ஸ் கதையை முதன்முறையாக அவளிடம் சொன்னேன். சீனியர், பேனல், என் வாய், எல்லாம். அவள் சிரிக்கவில்லை.

“அந்தாளு வூட்லயும் ஒருத்தி ரவைய வறுத்திருப்பா இல்ல?” என்றாள்.

தரைவேலை என்பது பெல்ட்டைச் சுற்றவைக்கும் மோட்டார்கள் இருக்கிற தகரக் கொட்டகை. பெல்ட் ஓரத்தில் மண் சிந்துகிறதா, உருளை எதுவும் சூடாகிறதா என்று பார்த்து டெலிபோனில் சொல்ல வேண்டும். அங்கே நான் ஒருவன்தான். சாப்பிட எதுவும் நிற்க வேண்டியதில்லை. ஒன்பது மணி ஆனால் டப்பாவைத் திறக்கலாம். திறந்தேன். நடுவில் வைக்கப் பேப்பர் விரித்தேன். பழக்கம். பிறகு மடித்து வைத்தேன்.

முழு டப்பாவும் எனக்கே. அப்போதுதான் தெரிந்தது, இத்தனை மாதமாக அந்த ஓட்ஸின் முழு ருசியை நான் அறிந்ததே இல்லை. பாதி டப்பாவுக்குமேல் அலுத்துவிடும். பல்லில் ஒட்டும். இரண்டு வாய் சாப்பிடுகிறவனுக்கு அது விருந்து. முழு டப்பாவையும் தினமும் தனியாகச் சாப்பிடுகிறவனுக்கு அது ஓட்ஸ். இருந்தாலும் வழித்துத் தின்றேன். சர்க்கரைக்காக இல்லை. டப்பாவைத் தேய்க்கும்போது அவள் இப்போது எதுவும் கேட்பதில்லை. அதற்காக.

கொட்டகை வாசலில் நின்றால் தூரத்தில் என் மெஷின் தெரியும். வேறொருவர் ஓட்டிக்கொண்டிருப்பார். சக்கரத்தைக் கொஞ்சம் வேகமாகத் திருப்புகிறார், அந்த ஓரம் கடினமான மண், அங்கே நிதானிக்க வேண்டும் என்று நின்ற இடத்திலிருந்தே கையை அசைப்பேன். மெஷின் என்னைக் கேட்காது. பெல்ட் சில சமயம் நிற்கும். நின்றவுடன் வருகிற அமைதியில் எனக்குத் தெரியும், மேலே பேப்பர் விரிக்கிறார்கள். பாயின் டப்பா திறக்கிறது. என் டப்பா ஒன்பதுக்கே காலி. இருந்தும் வாயில் எச்சில் ஊறும்.

மூன்று மாதத்தில் எண் இறங்கியது. இரண்டு எண்ணும். டாக்டர் கண்ணாடியைத் துடைக்காமலே பேசினார். மெஷின் ஏறலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்ப்போம், மறுபடி ஏறினால் மறுபடி தரை. ஆலோசனை அம்மாவிடம் போய்ச் சொன்னேன். “பாத்தீங்களா, ஓட்ஸு வேலை செஞ்சிதா?” என்றார். ஓட்ஸ் மட்டும் இல்லை, தகரக் கொட்டகையும் என்று சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. அவர் சீட்டில் தகரக் கொட்டகை எழுத முடியாது.

இறங்கின எண்ணோடு நான் ஏற வேண்டியது, அது ஏறின அதே இடத்துக்குத்தான் என்பது வீட்டுக்கு வந்தபிறகுதான் உறைத்தது. அன்று மாலை மறுபடியும் குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டேன்.

கேபினில் முதல் நாள். நாற்காலியின் உயரத்தை யாரோ மாற்றிவைத்திருந்தார்கள். சரிசெய்து உட்கார்ந்தேன். கை தானாகவே எல்லாவற்றையும் கண்டுபிடித்தது. ஒன்பதரைக்கு, பெல்ட் எப்போது நிற்குமோ என்ற கவலையில், மச்சானிடம் கொஞ்ச நேரம் ஓட்டச் சொன்னேன்.

“எதுக்கு?”

“நான் சாப்ட்டுடறேன்.”

“பெல்ட்டு ஓடுதே மச்சான்.”

“எனக்கு பெல்ட்டு ஓடினாலும் பசிக்குது மச்சான்.”

அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு நாற்காலிக்கு வந்தார். நான் பையை எடுத்துக்கொண்டு பேனல் பக்கம் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். பையை எங்கே வைப்பது என்று பார்த்தேன். பேனல் ஓரச் சட்டத்தில், உட்கார்ந்திருக்கிறவன் கைக்கு எட்டுகிற உயரத்தில், ஒரு கம்பியை வளைத்துக் கொக்கி போல மாட்டியிருந்தது. இருபத்திரண்டு வருஷமாக அந்த கேபினில் இருக்கிறேன், அதைப் பார்த்ததில்லை. நின்றுகொண்டு பார்த்தால் தெரியாது. அதில் பையை மாட்டினேன்.

மூடியைத் திறப்பதற்குள் பெல்ட் நின்றுவிட்டது. பெல்ட்டுக்கு என்மேல் என்ன கோபமோ. பின்னால் பேப்பர் விரிகிற சத்தம். டப்பா திறக்கிற சத்தம். புளிசோற்றை முதுகாலும் மோப்பம் பிடிக்க முடியும் என்று அன்று கண்டுகொண்டேன்.

“என்னாண்ணே,” என்றார் பாய். குரலில் விஷமமே இல்லை, பழக்கம்தான். “தனி குவாட்டர்ஸா?”

நான் சிரித்தேன். எல்லாரையும்விடச் சத்தமாக. “ஆமா பாய். ஆர்டரு கைக்கு வந்துடிச்சி. டாக்டர் கையெழுத்தோட.”

அவர்களும் சிரித்தார்கள். பேனலில் இருக்கிற ‘அபாயம்’ போர்டில் மண்டையோடு ஒன்று உண்டு. அதுவும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. சீனியர் எத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருப்பார். பாதி டப்பா முடிந்தது. ஓட்ஸ் பல்லில் ஒட்ட ஆரம்பித்தது.

“மச்சான்,” என்று பின்னாலிருந்து கம்மாபுரத்துக் குரல். “மீதி இருந்தா கொஞ்சம் குடு மச்சான். எங்க வூட்ல எப்பிடிச் செஞ்சாலும் ஒங்க வூட்டு மொளகு வரல.”

திரும்பினேன். திரும்பியிருக்கக் கூடாது. கொடுப்பதில் தப்பில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு கவளம் எடுத்து அவர் மூடியில் வைத்தேன். பாய் உடனே தன் டப்பாவை என் பக்கம் தள்ளினார். கொடுத்தவனை வெறுங்கையோடு விடுகிற வழக்கம் எங்கள் மெஷினில் இல்லை. உருளைக்கிழங்கு ஓரம் முறுகி இருந்தது. என் கை, நான் எதுவும் சொல்லாமலே, கிளம்பியது. மூன்று மாதத்து எண், நாற்காலி, நாலு மணிக்கு எழுகிறவள், எல்லாரும் மனதில் வரிசையாக வந்து நின்றார்கள். கை அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது.

அப்போது சைரன் அடித்தது. பெல்ட் கிளம்பப் போகிறது. டப்பாக்கள் படபடவென்று மூடின. பேப்பர் சுருண்டது. மச்சான் வாயில் ஓட்ஸோடு, “சீக்கிரம், சீக்கிரம்,” என்றார். நான் ஓடிப்போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். விரலில் புளிசோறு ஒட்டவில்லை. முகர்ந்தும் பார்த்தேன்.

அன்று தப்பித்தேன். தப்பிக்க வைத்தது நான் இல்லை, சைரன். நாளைக்கு பெல்ட் எப்போது நிற்கும், எவ்வளவு நேரம் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.